எல்லை தாண்டிய கூலி

கல்யாணமாகிக் கேரளப் பக்கம் கொல்லயிலுக்கு வந்த நாள்முதல் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தே நேசத்தின் விரல்கள் கறுத்திருந்தன. கேரள அரசு முந்திரித் தொழிலாளரின் கூலியை உயர்த்தியதும், கட்டுப்படியாகாது என்று முதலாளி ஆலையைப் பூட்டினார். எல்லைக்கு அப்பால், கூலி குறைந்த தமிழ்நாட்டுக் களியக்காவிளைப் பக்கம் வேறு ஆலை திறந்தார்.

"பழைய கூலிக்கு வாறவங்க வேனில ஏறுங்க," என்றார். வேறு வேலை ஏது? நேசம் ஏறினாள்.

அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த உள்ளூர்ப் பெண்கள் உள்ளே போகாமல் வாசலை மறித்து நின்றார்கள். பிழைப்பைப் பறிக்க வந்தவள் என்று ஏசுவார்களோ என நேசம் பயந்தாள். முன்னால் நின்றவள், அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட அவள் நாத்தனார் ரத்னபாய்.

"மைனி, இறங்காண்டாம். அங்க கூட்டின கூலிய இங்கயும் தந்தாத்தான் அண்டி உடைப்போம்."

"அது கேரளச் சட்டமாக்கும்," என்று முதலாளி சிரித்தார்.

"சட்டம் அங்கயே நிக்கட்டு மொதலாளி. அண்டிக்கறை ரெண்டு பக்கமும் கைய ஒண்ணுபோலத்தானே பொள்ளுது?"

வறுத்த கொட்டை உள்ளே மலையாகக் கிடந்தது; வேனில் வந்தவர்களும் இறங்கவில்லை, உடைக்க வேறு ஆளில்லை. உச்சிவெயில் ஏறியபோது முதலாளி இறங்கிவந்தார். முழுதும் இல்லை, உயர்வில் பாதி தர ஒப்புக்கொண்டார்.

நேசம் மலைத்துப்போனாள். திருவனந்தபுரத்தில் போட்ட ஒரு கையெழுத்து சோதனைச்சாவடி தாண்டி இங்கே வரும் என்று யார் கண்டார்? வீட்டுக்கு வந்தால் தன்னோடு உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்னும் ரத்னபாயா இவள்?

"என்ன மைனி, பாத்துகிட்டே நிக்குறிய? கறை பொள்ளாம கையில சாம்பல் தேச்சிட்டு உள்ள வாங்க," என்றாள் ரத்னபாய்.