ஆறு பத்துக்கு அறுகிற லைன்

ஏரம்பரை ஏமாற்ற ஏலாது. ஊர் சொல்லும் முன்னமே அவர் சொல்லிவிடுவார். புளியங்கூடல் சங்கக்கடையில் முப்பத்தொரு வருடம் மனேச்சராக இருந்து, சீனி மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ குறைகிறதென்று சொன்ன மனிதர். இப்போது எழுபத்திரண்டு வயதாகியும், வருகிற கடிதத்தை வெயிலில் பிடித்து ஒட்டிய இடத்தைச் சோதித்த பிறகுதான் உடைப்பார். மனைவி இராசேஸ்வரி பின்னால் நின்று, "வடிவாப் பாருங்கோ, உள்ளுக்கை ஆரும் ஒளிச்சிருப்பினம்" என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் பிரான்சிலிருக்கும் மகள் பிரியவதனி, பத்து வருடத்துக்கு முன் வீட்டு ரெலிபோன் கம்பியிலேயே இன்ரநெற் எடுத்துக் கொடுத்தாள். நாள்தோறும் பின்னேரம் ஆறு மணிக்கு மகளின் முகம் திரையில் வரும். பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்கு. சரியாக ஆறு பத்துக்கு மகள் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பாள். அதே நேரம் மூலையில் ரெலிபோன் அடிக்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது இறுப்பிட்டியில் இருக்கும் அவரது அக்கா ஞானசவுந்தரி. புருசன் செத்து, பிள்ளைகள் கனடாவுக்குப் போய், தனியாக இருக்கிற மனுசி. விளக்கு வைத்த கையோடு தம்பிக்கு எடுப்பார். தாயில்லாத ஏரம்பரைச் சோறூட்டி வளர்த்தது அந்த அக்காதான். அக்காவின் குரலைக் கேட்காத நாளில் ஏரம்பருக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் வருடம் தற்செயல் என்று நினைத்தார். இரண்டாம் வருடம் ஒரு கொப்பியில் நேரம் குறிக்கத் தொடங்கினார். மூன்றாம் வருடம் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அக்கா எடுத்தால்தான் நெற் அறுகிறது. போதாததற்குப் போனுக்குள் ஒரே இரைச்சல். ஆரோ இடையில் புகுந்து ஒட்டுக்கேட்கிறான், அவன் புகுகிற நேரம் நெற் நிற்கிறது, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சோதனைச்சாவடிகளுக்கு நடுவே பாதி வாழ்க்கை கழித்தவருக்கு இது ஒன்றும் பெரிய கணக்கல்ல.

பதினொரு தடவை முறைப்பாடு செய்தார். ஒவ்வொரு முறையும் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து, ஏதோ கருவியை மாட்டிப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, "லைன் நல்லாய்த்தான் இருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தீரே, உவையளும் கூட்டு" என்றார் ஏரம்பர்.

"ஓம், உங்கடை முழங்கால் நோவைக் கேக்கத்தான் ஊரே கூட்டுச் சேர்ந்திருக்கு" என்றார் இராசேஸ்வரி.

பிறகு, தகப்பன் விட்டுப்போன காணியை விற்போமா என்று அக்கா போனில் கேட்டார். மூன்றாம் நாள் சுருவிலிலிருந்து ஒருவர் அந்தக் காணியை விசாரித்து மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். அக்கா அதைக் கோயிலடியில் பத்துப் பேருக்குச் சொல்லியிருந்தார் என்பது ஏரம்பரின் மூளைக்கு எட்டவில்லை. அன்று பின்னேரம் போன் வந்ததுமே ஏரம்பர் சொல்லிவிட்டார்.

"அக்கா, இனி இஞ்சை எடுக்காதேங்கோ. எல்லாத்தையும் ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான்."

"நான் எடுக்கிறது கரைச்சலெண்டால் நேரை சொல்லு தம்பி. உப்பிடிக் கதை கட்டாதை" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

பிறகு போன் அடிக்கவில்லை. நெற்றும் அறுந்துபோகவில்லை. நான் சொன்னது சரிதானே என்று ஏரம்பர் வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனால் ஆறு பத்தானால் கண் தானாக மூலைக்குப் போகும். மகள் என்ன சொல்கிறாள் என்று காதில் ஏறாது. போய் அக்காவைப் பாருங்கோவன் என்று மனைவி சொன்னால், "அங்கையும் ஆள் நிப்பாட்டியிருப்பாங்கள்" என்பார். வீம்பு, வேறென்ன! இரண்டு வருடம் போயிற்று.

போன கார்த்திகை மழையில் பனையிலிருந்து காவோலை விழுந்து கம்பி அறுந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து டிலோன் என்றொரு லைன்காரர் வந்து கட்டினார். கட்டி முடித்து, வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கைத்தொலைபேசியிலிருந்து வீட்டு நம்பருக்கு எடுத்தார். போன் அடித்தது. இன்ரநெற் பெட்டியின் வெளிச்சம் அணைந்தது.

டிலோன் சுவரோரம் குனிந்து கம்பியைப் பார்த்தார். "ஐயா, இதிலை சின்ன வெள்ளைப் பெட்டி ஒண்டு பூட்டியிருப்பினமே. எங்கை அது?"

ஏரம்பர் முற்றத்தைப் பார்த்தார். இராசேஸ்வரிதான் சொன்னார்: "அதைப் பூட்டின அடுத்த நாளே இவர் கழட்டிப் பாழ்கிணத்துக்குள்ளை போட்டிட்டார் தம்பி. சுவிச்சும் இல்லை, லைற்றும் இல்லை, ஒட்டுக்கேக்கிற சாமானாம்."

கரண்ட் இல்லாத யுத்த நாட்களில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட காலத்துக் கை ஏரம்பருடையது. கம்பிகளைத் தானே முறுக்கி இணைத்திருந்தார்.

"ஐயோ ஐயா, போனையும் நெற்றையும் பிரிச்சு விடுறதே அந்தப் பெட்டிதான். அது இல்லாட்டிப் போன் அடிக்க நெற் அறுந்துபோகும், கதைக்க இரையும். ஒருத்தரும் ஒட்டுக்கேக்கேல்லை."

"அப்ப ஏன் தம்பி அக்கா எடுத்தால் மட்டும்?"

டிலோன் பதில் சொல்லும் முன் இராசேஸ்வரி முந்திக்கொண்டார். "வேறை ஆரப்பா உங்களுக்கு எடுத்தவை?"

டிலோன் புதுப் பெட்டி பூட்டிவிட்டுப் போனார். ஏரம்பர் அக்காவின் நம்பரை மனப்பாடமாக அழுத்தினார். அப்படியொரு இணைப்பு இல்லையென்று ஒரு பெண்குரல் சொன்னது.

"பாத்தீரே! இப்பவும் மறிக்கிறாங்கள்!"

"வாயை மூடுங்கோ!" இராசேஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. "அவ போன் லைனைத் திருப்பிக் குடுத்து ஒரு வருசம். இனி ஆருக்கு எடுக்க எண்டு கோயிலடியிலை கண்டு என்னட்டைக் கேட்டவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவ."

அடுத்த நாள் விடியப் புறப்பட்டு, வேலணையில் பஸ் மாறி, ஏரம்பர் இறுப்பிட்டிப் படலையைத் திறந்தார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அக்கா மெலிந்துபோயிருந்தார். தம்பியைக் கண்டதும் அவருக்குப் பின்னால் வெளியே ஒழுங்கையை எட்டிப் பார்த்தார்.

"தனியத்தான் வந்தனியோ? ஆரும் பின்னாலை வருகினமோ?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. ஒருத்தரும் கேட்டுக்கொண்டிருக்கேல்லை. எல்லாம் நான் விட்ட பிழை." ஏரம்பர் வெள்ளைப் பெட்டியின் கதை முழுவதையும் சொன்னார்.

அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஆர் கேட்டாலும் எனக்கென்னடா. விளக்கு வைச்சாப் பிறகு ஒரு சொல்லுக் கதைக்க எனக்கு ஆளில்லை."