நீலத்தைக் குடித்த கரி

உத்திரமேரூரிலிருந்து மெட்ராஸ் போகிற பஸ்ஸில் பச்சமுத்து கண்டக்டர். நாள் முழுக்க "உள்ள போ, உள்ள போ" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், வீட்டுப் படியேறியதும் வாயைப் பூட்டிச் சாவியை எங்கேயோ வைத்துவிடுவார். சாலவாக்கத்திலிருந்து கோவிந்தம்மாள் அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இதே கதைதான். மகளையும் தாமலில் கட்டிக் கொடுத்த பிறகு, அந்த வீட்டில் பல்லிதான் பேசிக்கொண்டிருந்தது.

எண்பத்தோராம் வருஷம் தீபாவளி கழிந்து ஒரு நாள், மூர் மார்க்கெட்டில் வாங்கிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே தண்ணீர்ப் பையில் இரண்டு தங்க மீன்கள், காற்று ஊதுகிற சின்ன மோட்டார், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அப்புறம் ஒரு பொட்டலம் கரி.

"இன்னாங்க இது, நம்ம அடுப்புல இல்லாத கரியா?"

"இது கார்பன்மே. கொட்டாங்குச்சி கரியத்தான் சூளைல வச்சிப் பக்குவம் பண்ணிக் குடுக்கறான். டப்பாவுல பஞ்சுக்கு அடில இத்தப் போட்டா, தண்ணில கீற கறை, நாத்தம் அல்லாத்தையும் இஸ்துக்கும்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கரியைவிட அதுதான் அவளுக்கு அதிசயம்.

கரி சொன்னபடி வேலை செய்தது. பழுப்பாக இருந்த தண்ணீர் நாளாக ஆகத் தெளிந்து, கடைசியில் தண்ணீர் இருப்பதே தெரியாமல், மீன்கள் வெறும் காற்றில் நீந்துகிற மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து பச்சமுத்து தொட்டிக்கு எதிரே பலகையைப் போட்டு உட்காருவார். கோவிந்தம்மாள் முருங்கைக்கீரையோடு பக்கத்தில் உட்காருவாள். மேற்கு ஜன்னல் வெயில் தொட்டியில் பட்டுச் சுவரெல்லாம் நெளியும். டப்பாவிலிருந்து குமிழி வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்குக் கண் சொருகும். ஏரி மெதுவாக நடந்து வந்து வீட்டுக்குள் நிறைந்துவிட்டது போலவும், பானை சட்டியெல்லாம் மிதக்க, தானும் அவரும் ஏரியடியில் மூச்சு முட்டாமல் உட்கார்ந்திருப்பது போலவும் இருக்கும். அந்த நேரத்தில்தான் அவர் பேசுவார். செங்கல்பட்டில் ஒரு கிழவி ஆட்டுக்குட்டிக்கும் டிக்கெட் கேட்டதைச் சொல்வார். அவள் கீரையைக் கொட்டிவிட்டுச் சிரிப்பாள். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் எதிர்வீட்டு முனியம்மாள் உறைமோர் வாங்க வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "மீனு அளகுதான்டி. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கினு குந்திக்கினு கீறீங்க பாரு, அத்தப் பாக்க ரெண்டு கண்ணு போதல" என்றாள். சொன்ன வாய்க்கு மோரும் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரமே மீன்கள் மேல் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி கண்டது. இரண்டும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கின. பச்சமுத்து முகம் செத்துப்போயிற்று. "இதுங்க போச்சின்னா தொட்டிய யாருக்குனா குடுத்துடுவேன். மனசு தாங்காது" என்றார். தொட்டி போனால் பலகை போகும், பலகை போனால் பேச்சும் போகும். கோவிந்தம்மாளுக்கு அதுதான் பயம்.

மறுநாள் அவர் ஒரு நீல மருந்து வாங்கி வந்தார். டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த கரியைக் கொட்டினார், மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வேட்டிக்கு நீலம் போட்ட தண்ணீர் போலத் தொட்டி நிறம் மாறியது. கரியை ஏன் எடுத்தார் என்று மட்டும் சொல்லவில்லை. பழைய பூட்டு, சும்மா விடுமா?

கோவிந்தம்மாளுக்குத் தெரிந்த கரி வேறு. பிறந்த வீட்டில் கறிக்குழம்பைத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகக் கழனிக்குப் போனால், மேலே ஒரு கரித்துண்டு வைக்காமல் அனுப்ப மாட்டார்கள். காத்துக் கருப்பு அண்டாது, கண்ணு படாது. முனியம்மாள் கண் பட்ட நேரத்தில் போய் இருந்த காவலையும் எடுத்துவிட்டாரே இந்த மனுஷன்! அவர் வேலைக்குப் போனதும், பொட்டலத்தில் மீந்திருந்த புதுக்கரியில் ஒரு பிடி எடுத்தாள், சிவப்புத் துணியில் முடிந்தாள், டப்பாவில் பஞ்சுக்கு அடியில் செருகிவிட்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் நீலம் வெளுத்திருந்தது. திருஷ்டி கழிந்தது என்று அவள் மனசுக்குள் கற்பூரம் ஏற்றினாள். அவரோ மறுபடி மருந்து விட்டார். மறுபடி வெளுத்தது. மீன்கள் அடியில் படுத்துவிட்டன.

தொட்டி மீன் விற்கிற கடைக்காரனைப் போய்க் கேட்டுவிட்டு வந்து, பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். "உள்ள கரி கீதான்னு கேக்கறான். கறைய இஸ்துக்கிற மாதிரியே மருந்தையும் அது குடிச்சிடுமாம். நான்தான் அன்னிக்கே எடுத்துட்டனே!"

கோவிந்தம்மாள் முழங்கைவரை தொட்டிக்குள் கையை விட்டாள். டப்பாவை எடுத்துத் திறந்து, சொட்டச் சொட்ட அந்தச் சிவப்பு முடிச்சை அவர் முன்னால் வைத்தாள்.

"நான்தாங்க வச்சேன். கண்ணு பட்டுட்ச்சின்னு வச்சேன். காப்பாத்தும்னு பாத்தா, நானே கொன்னுட்டனே" என்று அழுதாள்.

அவர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால்கூடத் தேவலை, இந்த வாய் இனித் திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் தவித்தாள்.

"கரிய ஏன் எடுக்கறேன்னு உன்கிட்ட சொன்னனா?" என்றார். "சொல்லல இல்ல. அப்புறம் நீ இன்னாமே பண்ணுவ?"

எழுந்துபோய் மருந்தை விட்டார். இந்த முறை நீலம் நின்றது. நீலம் நிற்க நிற்கப் புள்ளிகள் உதிர்ந்தன. சின்ன மீனுக்கு வால் ஓரம் கிழிந்ததுதான் மிச்சம், இரண்டும் பிழைத்துக்கொண்டன. டப்பாவுக்குப் புதுக்கரி வந்தது, நீலம் போனது, வெயில் பழையபடி சுவரில் நெளிந்தது.

அன்றைக்கு அவர் முக்காலி போட்டு ஏறி, அந்தச் சிவப்பு முடிச்சைப் பலகைக்கு நேர் மேலே உத்தரத்தில் கட்டினார்.

"மீனு அந்தாண்ட கீது. இங்க எதுக்குங்க?"

"மீனுக்கு இல்லமே. முனியம்மா கண்ணு வச்சது நம்ம ரெண்டு பேரு மேலதான?"

சொல்லிவிட்டு இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று பஸ்ஸில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.