மைக்கை ஊதுபவர்

திருமானூர் பஸ் நேரத்தை இணையத்தில் தேடியபோது அந்த வலைப்பூ கிடைத்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்களைப் பற்றிய குறிப்புகள். ஒன்றுக்குக்கூடப் பின்னூட்டம் இல்லை. எழுதுபவர் அங்கே மைக்கில் பஸ் அறிவிப்பவர் என்று படித்ததும் போய்ப் பார்த்தேன். முன்முடிக்கு மட்டும் சாயம் பூசியிருந்தார். ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்பும் மைக்கை ஊதினார்.

"எல்லாத்தையும் படிச்சிட்டேங்க. யாரு பேருமே இல்லியே?"

"பேரு தெரிஞ்சவங்களப் பத்தி எழுத மாட்டேங்க. தெரிஞ்சுட்டா நல்லதா மட்டுந்தான் எழுத வருது." பிறகு கேட்டார்: "உங்க பேரு என்னங்க?"

சொன்னேன். தலையாட்டிவிட்டு மீன்சுருட்டி பஸ்ஸை அறிவிக்கத் திரும்பினார்.

பழகுவதற்காகக் கேட்டாரா, எழுதாமல் இருப்பதற்காகவா என்று இன்னும் விளங்கவில்லை. பதிலுக்கு அவர் பேரைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எனக்கு இதை எழுத வேண்டியிருந்தது.