வெள்ளித்தாள் வைத்த கேசட்

ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதியிருந்தது: வீரலட்சுமி, பெண், வயது நாற்பத்தொன்று, தொழில் இல்லை. அதே கார்டில் அவள் கணவர் செல்லப்பாவுக்குத் தொழில் உண்டு, தராசு பழுதுபார்ப்பவர். செல்லப்பாவுக்குக் கண் மங்கி ஆறு வருடமாகியிருந்தது. கடை வாசலில் உட்கார்ந்து சாயா குடித்தபடி, உலகம் கெட்டுப்போன விதத்தை வருகிறவர்களுக்கு விளக்குவார். உள்ளே, தொழில் இல்லாதவள் அரமும் கையுமாகக் கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் கடைகளில் பாதிக்குத் தராசு சரிபண்ணிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரு கைவழக்கம். தராசுத் தண்டு தன் பள்ளத்தில் ஆடினால், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை மடித்து அடியில் கொடுப்பாள். துணி ஈரம் குடிக்கும், வெறும் காகிதம் நசுங்கும், வெள்ளித்தாள் நிற்கும். யாருமே சிகரெட் பிடிக்காத அந்த வீட்டில் காலி சிகரெட் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

எண்பத்திரண்டு மழைக்காலத்தில் பக்கத்துக் கொச்சங்காடியிலிருந்து சுல்ஃபத் ஒரு துண்டில் எதையோ சுற்றி எடுத்து வந்தாள். அவள் கணவர் அபூபக்கர் ஷார்ஜாவிலிருந்து கொடுத்துவிட்ட கேம் செட்டு. கையடக்கம்தான். சின்னத் திரையில் ஒரு பந்து, உடைக்க ஒரு சுவர். ஆட்டம் இருப்பது மேலே சொருகும் கேசட்டில். அந்தக் கேசட் செட்டின் வாயில் பொருந்தாமல் ஆடியது.

“ரேடியோக்காரன்கிட்ட போயேன்,” என்றாள் வீரலட்சுமி.

“அவன் ஒரு மாசம் வெச்சுக்குவான் அக்கா. எனக்கு ஒரு நாள்கூட முடியாது. சகீலா எறங்கிருவா.”

சுல்ஃபத்தின் மகள் சகீலாவுக்கு வயது பதினொன்று. வாதக்காய்ச்சல் நெஞ்சு வரைக்கும் போயிருந்தது. மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்கினால் தனக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன மூன்றாம் நாளே ஜன்னலில் ஏறியவள் அவள். பெற்றவள் அடித்தும் அழுதும் முடியாததை இந்தப் பெட்டி செய்தது. ஐந்து வாரமாகப் படுக்க வைத்திருந்தது.

“எனக்கு இப்படி ஒண்ணு குடுத்தா நானும் படுத்துருவேன்,” என்றார் வாசலிலிருந்து செல்லப்பா.

“நீங்க எப்ப எந்திரிச்சீங்க?” என்றாள் மனைவி. சுல்ஃபத்திடம், “சாயங்காலம் வா,” என்று அனுப்பினாள்.

கேசட்டின் ஓரத்தில் வெள்ளித்தாளை இரண்டு மடிப்பாகக் கொடுத்துச் சொருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தியதும் சுவர் வந்தது, பந்து வந்தது. ஓர் ஆட்டம் ஆடித் தோற்றாள். பிறகு, சரிபண்ணிய எந்தத் தராசையும் ஆட்டிப் பார்க்காமல் கொடுக்காதவள், இதையும் மூன்று தடவை ஆட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவையில் திரை கறுத்தது. லேசாகச் சூட்டு வாசனை வந்தது. தாளை உருவினாள், பாட்டரியைக் கழற்றிப் போட்டாள், கேசட்டை ஊதினாள். ஒன்றும் வரவில்லை.

அப்போதே தோப்பும்படிக்குப் பஸ் ஏறினாள். அங்கே ரேடியோ கடை வைத்திருந்த அழகர் கேசட்டைத் திறந்து, பித்தளைப் பற்களின் நடுவே ஒட்டியிருந்த வெள்ளித்தாள் துணுக்கை ஊசியால் எடுத்துக் காட்டினார்.

“ஆட்டினதுல நகந்திருக்கு. வெள்ளித்தாள்ல கரண்டு ஓடும்லா. உள்ள உள்ளது போச்சு சேச்சி.”

“வேற மாத்தலாமா?”

“இங்கேயா? இதையே நான் இன்னைக்குத்தான் பாக்கேன்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கடல்காத்து அடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் அதுதான் காரணம். நானே அதச் சொல்லித்தான் பிழைக்கேன்.”

நல்ல யோசனைதான். கொச்சியில் பூட்டு முதல் கல்யாணம் வரை எது கெட்டாலும் கடல்காற்றுதான் பொறுப்பு. அது இதுவரை மறுத்ததில்லை.

சாயங்காலம் சுல்ஃபத் வரும்வரை காத்திராமல் வீரலட்சுமியே கொச்சங்காடிக்குப் போனாள். கட்டிலில் சகீலா இரண்டு கையையும் நீட்டினாள். பெட்டியைக் கொடுக்காமல் நின்றபடியே வெள்ளித்தாள், ஆட்டிப் பார்த்தது, அழகர் எடுத்த துணுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுல்ஃபத் பெட்டியை வாங்கிப் பழையபடி துண்டில் சுற்றினாள். பிறகு கேட்டாள்: “இத ஏன் அக்கா எங்கிட்ட சொன்னே? கடல்காத்துன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே. இப்ப உன்ன வெறுக்கவும் வேணும், பிள்ளையப் பாக்கவும் வேணும்.”

வீரலட்சுமி படியிறங்கினாள்.

ஒன்பதாம் நாள் சகீலா கட்டிலைவிட்டு இறங்கினாள். அடுத்த மாதம் காய்ச்சல் திரும்பியது. எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்; இதய வால்வு கெட்டுவிட்டது, இனி ஓடவோ மாடி ஏறவோ கூடாது என்றார்கள். படுத்தே இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று சுல்ஃபத் கேட்டதற்கு டாக்டர் தோளைக் குலுக்கினார். அதன் பிறகு சுல்ஃபத் தராசுக் கடைத் தெரு வழியாக வருவதில்லை. ஷார்ஜாவிலிருந்து இரண்டாவது செட்டு வரவுமில்லை. சிகரெட் பெட்டிகளைச் செல்லப்பா தடவித் தேடியபோது அவை அடுக்கிய இடத்தில் இல்லை.

ரேஷன் கார்டைப் புதுப்பிக்க வந்த குமாஸ்தா தொழில் என்ன என்று கேட்டார். இல்லை என்றே எழுதிக்கொள்ளச் சொன்னாள் வீரலட்சுமி.

அவள் ஒரு கேசட்டுக்கு வெள்ளித்தாள் வைத்தாள். அது கெட்டதும், யாரும் கேட்பதற்கு முன்னால் போய், வைத்தது நான்தான் என்று சொன்னாள்.