இமைமுடிக்கு ஒரு சர்டிபிகேட்

பிடுங்குவதற்கு முன்னால் விரல் தேடும். இமை ஓரத்தில் மற்றவற்றைவிடத் தடித்த முடி ஒன்று இருக்கும். அது அகப்பட்டதும் ஓர் ஊறல். இழுத்ததும் நிம்மதி. அரை நிமிடம்கூட நிற்காத நிம்மதி. பிறகு அடுத்த முடி.

எட்டாம் வகுப்பில் தொடங்கியது. அப்போது தலைமுடிதான். உச்சியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை விழுந்ததும், புழுவெட்டு என்று அம்மா சின்ன வெங்காயத்தை வைத்துத் தேய்த்தாள். அது எடுபடவில்லை என்றதும் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டார்கள். தலையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போகவே விரல்கள் புருவத்துக்கும் இமைக்கும் இறங்கிவிட்டன. தலைமுடி திரும்ப வளர்ந்தது. விரல்கள் இமையை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் முட்டைக்கண்ணன் என்றார்கள். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன்.

அதன்பிறகு திருப்பூர் சாயப்பட்டறை, தூத்துக்குடி உப்பளம், ஓசூரில் லாரி கிளீனர். எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மை வேறு. எந்த ஊரிலும் ஒரு நாள் யாராவது என் முகத்தை உற்றுப் பார்த்து, கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அடுத்த வாரம் நான் பையைத் தூக்கிவிடுவேன்.

அப்படித்தான் எண்ணூருக்கு வந்து கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினேன். ஓட்டும்போது தொந்தரவில்லை, இரண்டு கைக்கும் வேலை இருக்கும். துறைமுக கேட்டுக்கு முன்னால் திருவொற்றியூர் வரை நீளும் வரிசையில் நிற்கும்போதுதான் ஆபத்து. ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். முழங்கையை ஜன்னலில் ஊன்றினால் கை தானாக முகத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் மதியம் முழுக்க வண்டி நகரவில்லை. சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் வலது கண்ணின் மேல் இமை மொட்டையாக இருந்தது.

எனக்குப் பின்னால் நின்ற வண்டி காசிமேட்டுக்காரருடையது. நாங்கள் இருவரும் ஒரே முதலாளியிடம் ஓட்டினோம். அவர் படியில் ஏறி எட்டிப் பார்த்தார்.

“இன்னா மாமு, கண்ணு கோயிக்குஞ்சு கணக்கா கீது?”

“எல்லாம் இந்தத் தூசிதான்” என்றேன்.

அந்தச் சாலையில் யாரும் நம்பக்கூடிய பொய் அது. சாம்பலும் நிலக்கரித் தூளும் அங்கே சட்டையில் படியும், சோற்றில் விழும். இருமினாலும் தூசி, முடி கொட்டினாலும் தூசி. பாதிக்கு மேல் உண்மையும்கூட.

அப்போது டிரைவர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். சாலைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், வரிசையில் நிற்பவர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று. மூன்றே நாளில் நான் முக்கியச் சாட்சி ஆகிவிட்டேன்.

“இவன் கண்ணைப் பாருங்கப்பா. இதுக்கு மேல இன்னா ஆதாரம் வோணும்?” என்று காசிமேட்டுக்காரர் வண்டி வண்டியாகச் சொல்லிக்கொண்டு போனார். என் இமையின் படம் எல்லார் போனிலும் சுற்றியது. அரசு ஆஸ்பத்திரியில் சர்டிபிகேட் வாங்குவது, திங்கட்கிழமை அதிகாரி முன்னால் என்னை நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள்.

அன்று பையை எடுத்துத் துணியை அடுக்கினேன். அதற்குள் காசிமேட்டுக்காரர் பைக்கில் வந்து நின்றுவிட்டார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள் லீவு போட்டிருந்தார்.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். லென்ஸ் வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். காசிமேட்டுக்காரரை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“கையால பிடுங்குறீங்களா?”

இருபது வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. என்ன ஆயிற்று என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டில் எழுதி, மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அந்தப் போர்டைப் பார்த்ததும் கால் தயங்கியது. ஆனாலும் போனேன்.

“பைத்தியமா சார்?” என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன்.

“இல்லப்பா. இது ஒரு கோளாறு, நிறைய பேருக்கு இருக்கு. காலைலகூட ஒரு டீச்சர் வந்துட்டுப் போனாங்க. உன்னைத் திட்டிக்கிட்டா நிக்காது. கை எப்ப, எங்க இருக்கும்போது போகுதுன்னு முதல்ல கவனி. போற வழியை மறி. கைக்கு வேற வேலை குடு. ஊறல் கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். ரெண்டு வாரம் கழிச்சு வா.”

ஒரு டீச்சர். எனக்கு அது போதுமானதாக இருந்தது. படியிறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. ஆனால் கீழே டீக்கடையில் காசிமேட்டுக்காரர் இரண்டு டீயோடு நின்றிருந்தார்.

“சர்டிபிகேட் குட்டாங்களா?”

“குடுக்கல. தூசியில்ல. நானே பிடுங்கினது.”

“இன்னாது?”

“இமைமுடியை. சின்ன வயசுலேர்ந்து. நிறுத்த முடியல.”

அவர் என் கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார். “வலிக்காதா நைனா?”

“பிடுங்காம இருக்குறதுதான் கஷ்டம்.”

டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். “அடப்பாவி! உன் கண்ண வெச்சி ஆபீசரையே கலங்க அடிக்கலாம்னு இருந்தமே!” பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். “டாக்டரு இன்னா சொன்னாரு? சரியாப்பூடுமா?”

அவ்வளவுதான். நான் எத்தனை ஊர் மாறி எதற்குப் பயந்தேனோ, அது இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது.

“மத்தவங்களாண்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா கலாய்ச்சிடுவேன்” என்றார். மறுநாள் வரிசையில் சொன்னேன். காசிமேட்டில் மீன் செதில் எடுக்க ஆள் வேண்டுமாம், போகிறாயா என்று ஒரு நாள் முழுக்கக் கிண்டல் நடந்தது. மனுவிலிருந்து என் இமையை எடுத்துவிட்டு, நிஜமாகவே இருமிக்கொண்டிருந்த நான்கு பேர் மருந்துச் சீட்டோடு போனார்கள். இப்போது தண்ணீர் லாரி வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. கழிப்பறை இன்னும் வரவில்லை.

வண்டி நின்றதும் வலது கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்டர் சுற்றிக்கொள்கிறேன். வழுவழுப்பில் முடி பிடிபடாது. காசிமேட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த நைலான் கயிற்றுத் துண்டு ஸ்டீயரிங்கில் கட்டியிருக்கிறது. அதைப் புரி புரியாகப் பிரித்துப் போடுவேன். தீர்ந்ததும் வேறு துண்டு வரும். இமை முளைத்திருக்கிறது, ஒழுங்கில்லாமல். போன மாதம் கப்பல் தாமதமான ஒரு நாளில் ஓரத்தில் கொஞ்சம் போய்விட்டது. டயர்க் கடைக்காரர் பார்த்துவிட்டு, கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். பிடுங்கிவிட்டேன் என்றேன். அடுத்த வாரமும் இங்கேதான் இருந்தேன்.

என் முழங்கை ஜன்னலில் ஏறினால் பின்னால் நிற்கும் காசிமேட்டுக்காரர் வண்டியிலிருந்து இரண்டு ஹாரன் வரும். கையை இறக்கிவிடுவேன். வரிசை நகர்கிறது என்று நினைத்து முன்னால் இருப்பவர்கள் இன்ஜினைப் போட்டுவிட்டு, ஒன்றும் நகராததைப் பார்த்து எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டுவார்கள்.