ஒன்பது மாதம் ஓடிய செப்டம்பர்

கட்டிங் ஆயில் வாசனையும் தேயிலைத் தூள் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா... லேசாகக் கருகிய ரஸ்க் மாதிரி இருக்கும். குன்னூரில் நான் முதன்முதலில் வேலைக்குப் போன ஷெட்டின் வாசனை அதுதான். காலையில் ஷட்டரைத் தூக்கினால் நமக்கு முன்னால் மூடுபனி உள்ளே போய் நிற்கும்.

டீ ஃபேக்டரிகளில் இலையை நசுக்கிக் கிழிக்கும் இரும்பு ரோலர்கள் உண்டு. பல் மழுங்கினால் எங்களிடம் வரும். ஒரு பழைய மில்லிங் மிஷினுக்குக் கம்ப்யூட்டர் மாட்டி, புதிதாகப் பல் வெட்டிக் கொடுப்போம். மிஷினை ஓட்டும் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ். முழுக்க இலவசம்.

ஆனால் ரோலர் பல் சாய்வாக ஓடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கணக்குப் போட்டு வரிவரியாக டைப் அடிக்க வேண்டும். அதற்கே அரை நாள் போய்விடும். இந்த வேலைக்கென்றே, அந்த சாஃப்ட்வேரோடு மாட்டிக்கொள்கிற ஆட்-ஆன் ஒன்றை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விற்றது. விட்டம், பல் எண்ணிக்கை, சாய்வு மூன்றையும் கொடுத்தால் மிச்சத்தை அதுவே எழுதிக்கொள்ளும். அதற்கு மட்டும் காசு. முதல் முப்பது நாள் ட்ரயல்.

முதலாளி துரைசாமி சார், அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். விலையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார்.

"மாட்ட சும்மா குடுத்துப்போட்டு கவுத்துக்கு இத்தன ரூவாயா? வேற வழி பாரு தம்பி."

பார்த்தேன். அங்கேதான் என் அறிவு வேலை செய்தது. ட்ரயல் முடிகிற அன்றைக்குக் கம்ப்யூட்டர் தேதியை மறுபடி செப்டம்பர் ஒன்றுக்கு இழுத்துவிட்டேன். ஆட்-ஆன் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வேலை செய்தது. சார் சந்தோஷத்தில் எனக்கு ஒரு பாக்கெட் வர்க்கி வாங்கிக் கொடுத்தார்.

அதிலிருந்து எங்கள் ஷெட்டில் மட்டும் எப்போதும் செப்டம்பர். வெளியே உறைபனி விழுந்தது, சீசன் கூட்டம் ஊட்டிக்கு ஏறி இறங்கியது...

உள்ளே செப்டம்பர்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆறு மாதம் முடிந்தால் பர்மனென்ட் என்று செப்டம்பரில் நான் சேரும்போதே சார் சொல்லியிருந்தார். நான் விரும்பிய கவிதாவின் அப்பாவுக்கு அந்த லெட்டர் வேண்டும். எமரால்டு கிராமத்தில் காரட் பயிர் போடுகிறவர். வானத்தை நம்பி விதைக்கிற மனுஷன், மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் எழுத்தில் கேட்டார். ஆடி பிறப்பதற்குள் லெட்டர் வரவில்லை என்றால் பெண்ணுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மார்ச் போனது. ஏப்ரலும் போனது. சாரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிருக்கேன் தம்பி. நாள் வந்தா அதுவே கூப்புடும். நான் மறந்தாலும் அது மறக்காது."

சரி என்று காத்திருந்தேன். மாதா மாதம் என் கையாலேயே தேதியைப் பின்னால் இழுத்துக்கொண்டும் இருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை... சத்தியமாக.

ஜூன் மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்று கவிதாவிடம் புலம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஏனுங்க, நீங்களே தேதியப் பின்னாடி இழுத்து உட்டுப்போட்டு, மார்ச் வரலே வரலேன்னா அது எப்புடிங்க வரும்?"

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. அப்புறம் பயம் வந்தது. தேதியை முன்னால் தள்ளினால் ட்ரயல் செத்துவிடும். ஷெட்டில் ரோலர்கள் வரிசையாகக் கிடந்தன. சார் என்னையே வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார். தள்ளாவிட்டால் கவிதா வேறு வீட்டுக்குப் போய்விடுவாள்.

மறுநாள் காலை, சார் எதிரிலேயே தள்ளினேன்.

டிங். ஜனவரி, பல் டாக்டர். சார் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அந்தப் பல்லே போயி ரெண்டு மாசமாச்சு."

டிங். மார்ச், செந்தில் பர்மனென்ட். சார் என் பக்கம் திரும்பினார். "செரி, அத அடுத்த மாசம் பாத்துக்கலா..."

டிங். மே, கல்யாண நாள்.

சார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அதானா... ஒரு மாசமா ஊட்ல காலையில உப்புமாவாவே போடறா. ரவை மலிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

கடைசி டிங் ஆட்-ஆனுடையது. ட்ரயல் முடிந்தது, வாங்கினால்தான் இனி வேலை செய்வேன் என்றது. சார் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்கித் தொலை தம்பி. அதுக்கு முன்னாடி உன்ற லெட்டர அடி. என்னால இன்னொரு ஊட்லயும் உப்புமா வேண்டாம்."

ஆடி பிறப்பதற்குள் லெட்டர் எமரால்டு போய்ச் சேர்ந்தது. ஆவணியில் கல்யாணம்.

இப்போது நானே ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். அதே இலவச சாஃப்ட்வேர். அதே ஆட்-ஆன், முறையாகக் காசு கட்டி வாங்கியது. தேதி நெட்டில் இருந்து தானே வந்துவிடுகிறது, யாரும் தொடுவதில்லை. அன்று ஒரே ஒரு டிங் சத்தத்துக்காக மாதக்கணக்கில் ஏங்கிக் கிடந்தேன். இன்று போன் நாள் முழுக்க டிங் டிங் என்கிறது... என்னவென்று பார்க்காமலே விரலால் தள்ளிவிடுகிறேன். அந்த ஏக்கம் நன்றாகத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று காலையும் இரண்டு முறை அடித்தது. தள்ளிவிட்டு ரோலரை மிஷினில் ஏற்றப் போய்விட்டேன்.

இன்று காலை தட்டில் உப்புமா. என்ன திடீரென்று, என்று கேட்டேன்.

"ரவை மலிஞ்சிருக்குதுங்க" என்றாள் கவிதா.