கடைவீதி எரியும் காட்சி

சின்னச் சின்னப் படங்களுக்கே இசையமைத்து வந்த எனக்கு ஒருவழியாக ஒரு சரித்திரப் படம் கிடைத்தது. முழு வாத்தியக் குழுவோடு எங்கள் ஊரான கண்டியிலேயே ஒலிப்பதிவு. அரசனின் படை எதிரியின் கடைவீதியைக் கொளுத்தும் காட்சிக்கு, வெற்றி முழக்கமாக ட்ரம்பெட் எழுதியிருந்தேன்.

வாசித்தவர் கண்டிக்குப் பக்கத்துத் திகன ஊர்க்காரரான நசீர். திரையில் தீ பரவப் பரவ, பிசிறில்லாமல் வாசித்தார். "பிரமாதம்!" என்றேன். அவர் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"கலவரத்துல வாப்பாட கடைய கொளுத்தக்கொளயும் இப்பிடித்தான் சேர், ரோட்டுல நிண்டவங்க விசிலடிச்சாங்க."

இசையை மாற்றித் தருகிறேன் என்று இயக்குநரிடம் கெஞ்சினேன்.

"ஜெயிச்சது நம்ம ராஜா. எதுக்குங்க அழணும்?" என்றார். அடுத்த படம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

படம் வெளியான அன்று, கண்டித் தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் கடைவீதி தீப்பிடித்தது. நசீரின் ட்ரம்பெட் எழுந்தது. தியேட்டரே விசிலடித்தது.

இத்தனை வருடமும் நான் ஏங்கியது அந்த விசிலுக்குத்தான். அன்று அதைக் கேட்டபோது, நசீருடைய வாப்பாவின் கடை எரிகையில் ரோட்டில் நின்றவர்களில் நானும் ஒருவன் என்று பட்டது.